மச்சை அறையாக்குவதற்கு முன்: வாசகர் கேள்வி பதில்

சாய்வுக் கூரைக்கு அடியில் பழைய பெட்டிகளும் பாத்திரங்களும் அடைந்து கிடக்கும் மச்சைக் குடியிருக்கும் அறையாக மாற்றுவது குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றிலிருந்து ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டு இந்த இதழில் விடை எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் மச்சில் பலகை போட்ட தளம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகச் சாமான்களைத் தாங்கி வந்திருக்கிறது. மகளின் படிப்புக்கும் படுக்கைக்கும் அதையே அறையாக்க நினைக்கிறோம். வண்ணம் அடித்து மின்விசிறி மாட்டினால் போதாதா?

பதில்: போதாது, அம்மா. நீங்கள் தளம் என்று மிதிப்பது, கீழ் அறைக்கு உட்கூரையாக அமைக்கப்பட்ட ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குடியிருக்கும் அறையின் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிலோ வரை தாங்க வேண்டும் என்று கட்டட விதிகள் பொதுவாகக் கணக்கிடுகின்றன. சாமான் வைக்கும் எண்ணமே இல்லாமல் போடப்பட்ட உட்கூரைச் சட்டங்களுக்கு 50 கிலோ அளவில்தான் கணக்கு. பெட்டிகள் வைத்த இடத்தில் அசையாமல் கிடந்தன. உங்கள் மகளோ நடப்பாள், ஓடுவாள், தோழிகளை அழைத்து வருவாள்; நிறையப் புத்தகம் அடுக்கிய ஓர் அலமாரியே நூறு கிலோவைத் தாண்டி ஒரே இடத்தில் அழுத்தும்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு டம்ளரில் விளிம்பு வரை நீர் ஊற்றித் தளத்தின் நடுவில் வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரைச் சுவரோரமாக நடந்து வரச் சொல்லுங்கள். நீர் தளும்பி வழிந்தால் சட்டங்கள் வளைந்து கொடுக்கின்றன என்று பொருள். நீர் அசையவில்லை என்பதாலேயே தளம் போதுமானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சட்டங்களின் அளவையும் இடைவெளியையும் ஒரு கட்டுமானப் பொறியாளர் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வலுப்படுத்துவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய சட்டத்தோடு அதே அளவுள்ள இன்னொன்றைச் சேர்த்து முடுக்கினால் அகலம் இரு மடங்காகிறது, விறைப்பும், அதாவது வளையாமல் நிற்கும் திறனும், இரு மடங்குதான் ஆகிறது. ஆனால் சட்டத்தின் உயரத்தை இரு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே, பழைய சட்டங்களுக்கு இடையில், சுவரின் மீது தாங்கும்படி உயரமான புதிய சட்டங்களைப் போடுவதே நல்லது. கீழ் அறையின் பூச்சைத் தொடாமல் அவற்றைச் சற்றுத் தூக்கி அமைத்தால், மேலே காலடி விழும்போது கீழே பூச்சு விரிசல் விடாது.

கேள்வி: நடுவில் நிமிர்ந்து நிற்க முடிகிறது. ஆனால் குறுக்குச் சட்டங்கள் தலையில் இடிக்கின்றன. அவற்றை அறுத்து எடுத்துவிடலாம் என்கிறார் தச்சர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து அறுக்க விடாதீர்கள். மடக்கு ஏணியின் இரண்டு கால்களையும் பிணைத்திருக்கும் கயிற்றை அவிழ்த்தால் கால்கள் விரிந்துகொண்டே போகும் அல்லவா, அதே வேலையைத்தான் அந்தச் சட்டங்கள் கூரையில் செய்கின்றன. கூரையைத் தாங்கும் சாய்வான மரங்களான கைமரங்கள், கூரையின் உச்சியான மோட்டில் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கின்றன. கூரையின் பாரம் அவற்றின் அடிமுனைகளை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளலைப் பிடித்து நிறுத்துவது குறுக்குச் சட்டம். அப்படி அறுக்கப்பட்ட ஒரு வீட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சுவரின் தலையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டபோது, சுவர் இரண்டு விரல்கடை வெளியே சாய்ந்திருந்தது. அந்த வீட்டுக்காரர் அதுவரை அறையின் மூலையில் தெரிந்த விரிசலை வெறும் பூச்சு விரிசல் என்றே நினைத்திருந்தார்.

சட்டத்தை உயர்த்திப் பொருத்துவதும் எளிய வேலை இல்லை. மேலே போகப் போக அதன் மீது இழுவிசை கூடும், கைமரங்களும் வளையத் தொடங்கும். மோட்டின் கீழே ஒரு வலுவான உத்தரம் போட்டு, அதைச் சுவரோ தூணோ தாங்கும்படி செய்தால் தள்ளலே பெருமளவு இல்லாமல் போகும். தொழிற்சாலையில் தயாராகி வந்த முக்கோணச் சட்டகக் கூரையாக இருந்தால், உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒவ்வொரு சட்டமும் பாரம் சுமப்பது. அதில் எதையும் தொடாமல் இருப்பதே என் கருத்து.

உயரத்தையும் வேலை முடிந்த பின் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடுங்கள். 6 மீட்டர் அகலமும் நடுவில் 3 மீட்டர் உயரமும் கொண்டு, கூரை 45 பாகையில் சரியும் மச்சை எடுத்துக்கொள்வோம். 2.1 மீட்டருக்கு மேல் தலை தட்டாத பகுதி 1.8 மீட்டர் அகலமே இருக்கும். தளத்தை 15 சென்டிமீட்டர் உயர்த்தி, கூரையின் உட்புறம் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மறைப்பும் போட்டால், அது ஏறத்தாழ 1.2 மீட்டராகச் சுருங்கிவிடும். ஓரங்களில் 1.5 மீட்டருக்கும் தாழ்வான இடத்தைப் பல விதிமுறைகள் அறைப் பரப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. அங்கே தாழ்வான சுவர் எழுப்பிச் சாமான் அறையாக்கிக் கொள்ளலாம்.

கேள்வி: பகலில் மச்சுக்குள் கால் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. என்ன செய்வது?

பதில்: மின்விசிறி அந்தச் சூடான காற்றையே சுழற்றும். வெயிலில் காய்ந்த கூரை, அடுப்பைப் போலக் கீழ்நோக்கிக் கதிர்வீசுகிறது; அதை வழியிலேயே தடுக்க வேண்டும். இதுவரை வெப்பத் தடுப்பு தளத்தின் மீது பரப்பப்பட்டிருந்தால், இனி அது கைமரங்களின் சரிவுக்கு ஏற வேண்டும். அப்படி ஏற்றும்போது இடத்தை மிச்சப்படுத்த நினைத்து அதைக் கூரையோடு ஒட்டித் திணித்துவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. கூரைக்கும் தடுப்புக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் அளவு சந்து விட்டு, இறவாரத்தில் காற்று நுழையவும் மோட்டில் வெளியேறவும் வழி வைத்தால், சூடான காற்று தானாகவே மேலேறிப் போய்விடும். குளிர்ப் பிரதேசங்களில் இதே சந்து மரத்தைக் காக்கிறது. இல்லாவிட்டால் அறையின் ஈரக்காற்று குளிர்ந்த கூரையின் அடியில் துளியாகப் படிந்து மரத்தை உளுக்கச் செய்துவிடும். பளபளப்பான தகடு ஒட்டுபவர்கள் அதன் முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பலகையோடு ஒட்டிக் கிடந்தால் அது பயன்படாது.

கேள்வி: இப்போது இருக்கும் ஏணியே போதாதா? படிக்கட்டுக்கு எவ்வளவு இடம் போகும்?

பதில்: படுக்கும் அறைக்கு ஏணி போதாது. தளத்துக்குத் தளம் 2.8 மீட்டர் என்றால், 17.5 சென்டிமீட்டர் உயரத்தில் 16 ஏற்றங்கள் வேண்டும். மிதிபடி 25 சென்டிமீட்டர் வீதம் பதினைந்து, ஆக நேர்ப் படிக்கட்டுக்குக் கீழே 3.75 மீட்டர் நீளம் தேவை. படியேறும்போது தலைக்கு மேல் 2 மீட்டராவது இருக்க வேண்டும் என்பதால், மோட்டின் நேர்கீழே படி முடிவது வசதி. கீழே தீப்பிடித்தால் புகை முதலில் ஏறுவது அந்தப் படிக்கட்டு வழியாகத்தான். ஆகவே, தளத்திலிருந்து 1.1 மீட்டருக்கு மேற்படாத உயரத்தில் அடிவிளிம்பும், ஓர் ஆள் நுழைந்து வெளியேறும் அளவு திறப்பும் உள்ள சன்னல் ஒன்று கட்டாயம் வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவிகளை எல்லாத் தளங்களிலும் ஒன்றோடொன்று இணைத்து மாட்டுங்கள். கீழே உள்ளது ஒலித்தால் மேலே உறங்குபவரும் விழிக்க வேண்டும்.

கேள்வி: மச்சில் பஞ்சு போலவும் சிறு கற்கள் போலவும் ஏதோ கொட்டிக் கிடக்கிறது. பெருக்கி எடுத்துவிடலாமா?

பதில்: பழைய வீடு என்றால் துடைப்பத்தைத் தொடாதீர்கள். அது முன்னாளில் போட்ட வெப்பத் தடுப்பாக இருக்கலாம், அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம். கல்நார் இழை தூசியாகி நுரையீரலுக்குள் போனால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். மச்சுக் கதவை மூடி வைத்துவிட்டு, பயிற்சி பெற்றவரைக் கொண்டு ஒரு சிட்டிகை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும் வரை குழந்தைகளை மேலே விட வேண்டாம்.