அப்பாவின் காது கருவியில் டிவி ஒலி சில நிகழ்ச்சிகளுக்கு மட்டும் வருகிறது, கருவி பழுதா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: உங்கள் தந்தையார் இரு காதுகளிலும் வயர்லெஸ் காது கருவி அணிகிறார், டிவி ஒலியை நேரே அந்தக் கருவிக்கு அனுப்பும் ஸ்ட்ரீமர் பெட்டியையும் வாங்கியிருக்கிறீர்கள், சில நிகழ்ச்சிகளுக்கு ஒலி வருகிறது, சிலவற்றுக்கு அறவே வருவதில்லை, வரும்போதும் நடுநடுவே அறுந்துபோகிறது. கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். சில நிகழ்ச்சிகளுக்காவது ஒலி வருகிறது என்றால், பெட்டியும் கருவியும் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன என்று பொருள். குறை பெரும்பாலும் அவற்றுக்கு முன்பாகவே, டிவிக்கும் பெட்டிக்கும் இடையில் இருக்கும்.

நான் மின்னணுவியல் படித்தவன் அல்லன், ஓய்வுபெற்ற கணக்காசிரியன். ஒன்பது ஆண்டுகளாக இரு காதுகளிலும் கருவி அணிகிறேன். முதன்முதலில் ஸ்ட்ரீமர் வாங்கியபோது எனக்கும் இதே நிலைதான். கடையிலிருந்து வந்த இளைஞர் பெட்டி பழுது என்று சொல்லி எடுத்துச் சென்றார். பத்து நாள் கழித்து வந்த மாற்றுப் பெட்டியும் அதே படங்களுக்கு ஊமையாகவே இருந்தது. இரண்டு பெட்டிகளும் ஒரே இடத்தில் ஒரே விதமாகத் தவறினால் குற்றம் பெட்டியுடையது அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. ரிமோட்டை எடுத்து டிவியின் ஒலி அமைப்புகளைத் திறந்து பார்த்தேன்.

அங்கே கண்டதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் உங்கள் வீட்டிலும் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒலியை ஒளியாக மாற்றிக் கடத்தும் ஆப்டிகல் கேபிள் வழியாக டிவி ஒலியை இரு வடிவங்களில் அனுப்ப முடியும். பிசிஎம் என்பது சுருக்கப்படாத, அப்படியே எடுத்து ஒலிக்கக்கூடிய இரு தட ஒலி. டால்பி டிஜிட்டல் என்பது ஆறு ஸ்பீக்கர்களுக்கான ஒலியைக்கூடச் சுருக்கி மூட்டையாகக் கட்டி அனுப்பும் முறை. மறுமுனையில் இருக்கும் கருவிக்கு அந்த மூட்டையை அவிழ்க்கத் தெரிந்திருக்க வேண்டும். டிவியோடு இணைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பாருக்குத் தெரியும். ஸ்ட்ரீமர்களிலோ சிலவற்றுக்குத் தெரியும், பலவற்றுக்குத் தெரியாது. தெரியாதவை எந்த எச்சரிக்கையும் தராமல் அமைதியாக இருந்துவிடுகின்றன. டிவியின் அமைப்பு 'ஆட்டோ' என்று இருந்தால், நிகழ்ச்சியில் என்ன வடிவம் வருகிறதோ அதையே டிவி வெளியே தள்ளுகிறது. யூடியூப் ஒலி பெரும்பாலும் இரு தட ஒலி என்பதால் அது கேட்கும். ஓடிடி தளத்தில் டால்பியுடன் வரும் படத்துக்கு மாறினால் ஒலி நின்றுபோகும். பார்ப்பவருக்கு இது பெட்டியின் கிறுக்குத்தனமாகத்தான் தோன்றும்.

மாற்றும் வழி எளியது. சாம்சங் டிவிகளில் ஒலி அமைப்பின் 'எக்ஸ்பர்ட் செட்டிங்ஸ்' பகுதியில் 'டிஜிட்டல் அவுட்புட் ஆடியோ ஃபார்மட்' என்று இருக்கும்; எல்ஜியில் 'டிஜிட்டல் சவுண்ட் அவுட்'; சோனியில் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்'. எந்தப் பெயரில் இருந்தாலும் அதை 'பிசிஎம்' என்று மாற்றி, டிவியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து நேரே ஆப்டிகல் கேபிள் எடுத்திருந்தால், இதே அமைப்பு செட்டாப் பாக்ஸின் மெனுவில் இருக்கும். அங்கேதான் மாற்ற வேண்டும். என் டிவியில் ஒருமுறை மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பிறகு இது தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ஆகவே மெனுவின் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் நிலைமை இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். சானல்கள் எல்லாம் கேட்கின்றன, டிவியிலேயே திறக்கும் யூடியூபும் ஓடிடியும் மட்டும் கேட்பதில்லை என்றால், கேபிளை யாரோ செட்டாப் பாக்ஸின் பின்புறத்தில் செருகியிருக்கிறார்கள். செட்டாப் பாக்ஸுக்குத் தன் வழியாகப் போகும் ஒலி மட்டுமே தெரியும். டிவிக்குள்ளே ஓடும் செயலியின் ஒலி அதற்கு எட்டாது. கேபிளை டிவியின் பின்புறத்துக்கு மாற்றினால் இரண்டும் கேட்கும்.

மெனுவைத் தொடுவதற்கு முன்போ பின்போ, பின்புறத்தையும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். டிவி ஓடும்போது ஆப்டிகல் கேபிளின் மறுமுனையில் சிவப்பு ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கேபிள் சரியாகச் செருகப்படவில்லை, அல்லது டிவி வேறு வழியில் ஒலியை அனுப்புகிறது. புதிய கேபிளின் இரு முனைகளிலும் ஒளி ஊடுருவும் சிறு பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும். அவற்றைக் கழற்றாமல் செருக முயன்றவர்களை நான் அறிவேன், அவர்களில் ஒருவன் நானே. சிவப்பு, வெள்ளை நிறத் துளைகளில் கம்பி செருகியிருந்தால் அவற்றின் அருகே 'அவுட்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய டிவிகள் பலவற்றில் அந்தத் துளைகள் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கானவை மட்டுமே. அவற்றிலிருந்து எவ்வளவு காத்திருந்தாலும் எதுவும் வெளியே வராது.

இயர்போன் துளையைப் பயன்படுத்தினால் வேறொரு சங்கடம் உண்டு. பெரும்பாலான டிவிகளில் அதில் எதையாவது செருகியதும் டிவியின் ஸ்பீக்கர் அடங்கிவிடும். எங்கள் வீட்டில் இரண்டு நாள் நான் மட்டும் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி வாயசைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷம் உங்களுக்குக் கேக்கல, இப்போ எனக்குக் கேக்கல" என்றார். ஆப்டிகல் வழியில் இந்தத் தொல்லை இல்லை. பொதுவாக அதன் ஒலியளவு டிவி ரிமோட்டுக்குக் கட்டுப்படாது. வீட்டார் ஸ்பீக்கர் ஒலியைக் குறைத்தாலும் முழுவதும் அடக்கினாலும் காதில் வருவது மாறாமல் இருக்கும், அதைக் கருவியிலோ அதன் கைபேசிச் செயலியிலோ தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டில் டிவி மௌனமாகத்தான் ஓடுகிறது. எச்டிஎம்ஐ வழியாக சவுண்ட்பார் இணைத்திருக்கும் வீடுகளில் மட்டும் கவனம் தேவை: சில டிவிகள் சவுண்ட்பாருக்கு ஒலி அனுப்பும்போது ஆப்டிகல் வழியை மூடிவிடுகின்றன. சவுண்ட்பாரைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் தெரிந்துவிடும்.

இவ்வளவு செய்தும் தெளிவு வரவில்லை என்றால், டிவியையே வழக்கிலிருந்து விலக்கிவிடும் ஒரு சோதனை இருக்கிறது. ஸ்ட்ரீமரின் சாதாரண ஆடியோ துளையை, 3.5 மிமீ கம்பி கொண்டு ஒரு லேப்டாப்பின் இயர்போன் துளையோடு இணைத்து, ஏதாவது பாட்டைப் போடுங்கள். காதில் பாட்டு தெளிவாக வந்தால் பெட்டியும் கருவியும் நலமே, டிவியின் மெனுவுக்குத் திரும்புங்கள். வராவிட்டால் இணைப்பை மீண்டும் செய்யுங்கள்: கருவிகளை அணைத்துப் பெட்டியின் அருகே வைத்து, பெட்டியின் இணைப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, கருவிகளை மீண்டும் இயக்க வேண்டும். பேட்டரி போடும் வகை என்றால் பேட்டரிக் கதவைத் திறந்து மூடுவதும், சார்ஜ் செய்யும் வகை என்றால் சார்ஜரில் வைத்து எடுப்பதும் அதற்குப் போதும். இயக்கிய பிறகு சில நிமிடங்கள் மட்டுமே கருவி புதிய இணைப்பை ஏற்கும். இணைத்த பின்னும் வரவில்லை என்றால்தான் கடைக்காரரை அழைக்க வேண்டும்.

ஒலி அறுந்துபோவது தனிச் சிக்கல். அறுபடும் கணத்தில் டிவி ஸ்பீக்கரிலும் ஒலி நின்றால் குறை சானலின் சிக்னலில் இருக்கிறது. மழைக்காலத்தில் டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு காதில் மட்டும் அறுந்தால் அந்தப் பக்கத்துக் கருவியின் பேட்டரியை முதலில் சந்தேகியுங்கள். பழுப்பு நிற ஒட்டுத்தாளுடன் வரும் 312, ஆரஞ்சு நிறத்துடன் வரும் 13 ஆகிய துத்தநாக-காற்று பேட்டரிகள், கடைசி நாளில் சாதாரணப் பேச்சுக்கு ஈடுகொடுத்தாலும் ஸ்ட்ரீமிங் இழுக்கும் கூடுதல் மின்னோட்டத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. காலையில் நன்றாக இருந்த கருவி இரவு டிவியைப் போட்டதும் திக்குவது அதனால்தான். புதிய பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்தவுடன் போடாமல், காற்று உள்ளே செல்ல ஒன்றிரண்டு நிமிடங்கள் விட்டுப் போடுவது நல்லது.

இரு காதுகளிலும் ஒரே சமயத்தில் அறுந்தால் பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வைஃபை ரவுட்டர் பேசுவதும் மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கசிவதும் அதே அலைவரிசையில்தான். நம் வீட்டு ஷோகேஸில் ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமர் மூன்றையும் ஒரே தட்டில் அடுக்கி, முன்னால் வெள்ளிக் குத்துவிளக்கையும் வைத்துவிட்டு, ஒலி வரவில்லை என்று வருந்துகிறோம். ஸ்ட்ரீமரை ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, பார்ப்பவரின் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். மனித உடலில் பெரும்பகுதி நீர் என்பதால் இந்த அலைகளை உடலும் விழுங்கும். யாராவது நடுவில் வந்து நின்றாலோ, தந்தையார் தலையணையில் ஒருக்களித்துப் படுத்தாலோ ஒலி தடுமாறக்கூடும். பெட்டிக்கு மின்சாரம் டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். பழைய யுஎஸ்பி 2.0 துளைக்கு 500 மில்லி ஆம்பியர்தான் வரையறை. சுவரில் செருகும் சார்ஜரிலிருந்து கொடுத்தபின் என் வீட்டில் பாதித் தடுமாற்றம் நின்றது.

கைபேசியையும் மறக்க வேண்டாம். கருவி கைபேசியோடும் இணைந்திருந்தால், அழைப்பு வரும்போது மட்டுமல்ல, வாட்ஸ்அப் செய்தியின் 'டிங்' ஒலிக்குக்கூட டிவி ஒலியை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பும் கருவிகள் உண்டு. குடும்பக் குழுவில் காலை வணக்கப் படங்கள் வரும் நேரத்தில் எனக்குத் தலைப்புச் செய்தி முழுதாகக் கேட்டதில்லை. டிவி பார்க்கும்போது கைபேசியின் ப்ளூடூத்தை அணைத்துச் சோதித்தால் இது தெரிந்துவிடும்.

பெட்டியே எதற்கு, டிவியில்தான் ப்ளூடூத் இருக்கிறதே என்று உறவினர் யாராவது சொல்லக்கூடும். டிவியின் ப்ளூடூத், ஹெட்ஃபோன்களுக்கான பழைய முறையில் ஒலி அனுப்புகிறது. ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் எனத் தனி முறைகளில் செய்யப்பட்ட காது கருவிகள் பல அதை ஏற்பதில்லை. 2018 இறுதியில் வந்த ஃபோனாக் மார்வெல் போன்ற சில வகைகள் ஏற்கும். ஏற்றாலும் அந்த முறையில் ஒலி நூறு மில்லிவினாடிகளுக்கும் மேல் பிந்தி வருவது சாதாரணம். படத்தைவிட ஒலி ஏறத்தாழ 125 மில்லிவினாடி பிந்தினால் மனிதர்கள் அதைக் கண்டுகொள்கிறார்கள் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. உதட்டசைவைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது இன்னும் பெரிய இடைஞ்சல். 2022-இல் பெயர் சூட்டப்பட்ட ஆராகாஸ்ட் என்ற ப்ளூடூத் முறை, ஒரு டிவி பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் ஒலிபரப்ப வழிசெய்கிறது. ஆனால் டிவியும் காது கருவியும் இரண்டுமே அதற்கென அமைந்திருக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் 'ப்ளூடூத் 5' என்று போட்டிருப்பது மட்டும் அதற்கு உத்தரவாதம் ஆகாது.

ஒலி வந்தும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல எதிரொலித்தால், அது பெரும்பாலும் காதில் செருகும் சிலிக்கான் முனையால் வருவது. துளைகள் கொண்ட திறந்த முனையில், ஸ்பீக்கரின் ஒலி அறையிலிருந்து நேராகவும், ஸ்ட்ரீமரின் ஒலி சற்றே தாமதமாகவும் ஒரே காதுக்குள் நுழைகின்றன. ஸ்பீக்கரைக் குறைத்துப் பாருங்கள். வீட்டார் குறைக்க மறுத்தால் மூடிய முனை பொருந்துமா என்று, காது கருவியைப் பொருத்தித் தரும் செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள்.

அவரிடம் போகும்போது இன்னொன்றையும் கேட்டு வாருங்கள். ஸ்ட்ரீமிங் தொடங்கியதும் பல கருவிகள் தம் மைக்கைத் தணித்துவிடுகின்றன. டிவி தெளிவாகிறது, வீடு மறைந்துவிடுகிறது. நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் மூன்று முறை மணி அடித்துவிட்டுத் திரும்பிப் போனார். டிவி ஒலிக்கும் மைக்குக்கும் இடையிலான அளவை ஆடியாலஜிஸ்ட் தன் கணினியில் மாற்றித் தர முடியும், சில கருவிகளில் கைபேசிச் செயலியிலேயே மாற்றலாம். என் கருவியில் இப்போது வர்ணனையாளரின் குரலோடு குக்கர் விசிலும் கேட்கிறது.