மூன்று மஞ்சள் புள்ளிகள் வந்தால் தவறில்லை

மஞ்சள் தூளிலிருந்து அதன் மஞ்சள் நிறப்பொருளான குர்குமினைப் பிரித்தபோது டிஎல்சி (மெல்லிய சிலிக்கா பூச்சில் கலவையைப் பிரித்துக் காட்டும் சோதனை) தகட்டில் ஒன்றுக்குப் பதில் மூன்று புள்ளிகள் வந்தன, மாதிரி கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கெடவில்லை. கிழங்கிலேயே மூன்றும் சேர்ந்துதான் இருக்கும்: குர்குமின், டீமெத்தாக்சிகுர்குமின், பிஸ்டீமெத்தாக்சிகுர்குமின். வித்தியாசம் மெத்தாக்சி (–OCH₃) தொகுதிகளின் எண்ணிக்கையில்தான்: முறையே 2, 1, 0.

மெத்தாக்சி இருந்தால் அது பக்கத்து ஹைட்ராக்சிலை (–OH) ஹைட்ரஜன் பிணைப்பால் ஓரளவு கட்டி வைக்கும். இல்லாவிட்டால் அந்த ஹைட்ராக்சில் சிலிக்காவை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே சாதாரண சிலிக்கா தகட்டில் மேலே ஓடியது குர்குமின், அடியில் தங்கியது பிஸ்டீமெத்தாக்சிகுர்குமின். 'குர்குமின்' என்று புட்டியில் வருவதிலும் பல நேரம் இந்தக் கலவைதான் இருக்கும், அதனால் ஒப்பீட்டு மாதிரியையும் அதே தகட்டில் ஓட்டிப் பாருங்கள்.

தனியாக வேண்டுமென்றால் சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் (column) ஏற்றி, குளோரோஃபார்மில் மெத்தனாலைத் துளித்துளியாகக் கூட்டிக்கொண்டே போங்கள். அவசரப்பட்டால் முதல் இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். தூய குர்குமின் சுமார் 183 டிகிரி செல்சியஸில் உருகும்.

அப்புறம், காரக் (alkali) கரைசலால் கழுவாதீர்கள். நிறம் சிவப்பாக மாறி அழகாகத்தான் இருக்கும், ஆனால் குர்குமின் வேகமாகச் சிதைந்துவிடும். வெளிச்சமும் ஆகாது, குடுவையை அலுமினியத் தாளால் சுற்றி வையுங்கள்.