பாட்டுக்கு முன் மீட்டர்: கையடக்க ஹை-ஃபை பிளேயர் பற்றி வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகள் பலவும் பாட்டுக் கேட்க மட்டுமே என்று விற்கப்படும் கையடக்கக் கருவிகளைப் பற்றியவை. ஒலிப் பிரியர்கள் இதை டி.ஏ.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். பினாங்கில் அது ஓர் அரசியல் கட்சியின் பெயர்; அதை எடுத்தால் பேச்சு அரசியலுக்குப் போய்விடும். ஆகவே இங்கே 'பிளேயர்' என்றே எழுதுகிறோம்.

கேள்வி: கையில் 2,000 வெள்ளி இருக்கிறது. கோலாலம்பூர் லோ யாட் மின்னணுக் கடைவளாகத்தில் இரண்டு பிளேயர்களை மாற்றி மாற்றிக் கேட்டேன். விலை கூடியதுதான் தெளிவாகக் கேட்டது. அதிலுள்ள டாக் சிப் (டிஜிட்டல் கோப்பை ஒலி மின்னலையாக மாற்றும் சில்லு) உயர்ந்த ரகம் என்றார் விற்பனையாளர். நம்பி வாங்கலாமா?
— வாசகர், செந்தூல்

பதில்: இரண்டையும் ஒரே சத்தத்தில் கேட்டீர்களா? இதற்குப் பதில் தெரியாமல் சிப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அரை டெசிபெல் கூடினால்கூடக் காது அதைச் 'சத்தம்' என்று சொல்லாது. 'தெளிவு', 'விரிவு' என்றுதான் சொல்லும். இரண்டு பிளேயரிலும் வால்யூமை 50-இல் வைப்பது ஒரே சத்தம் ஆகாது. ஒவ்வொரு தயாரிப்பாளரின் 50-உம் வேறு.

சரியாகச் செய்ய மூன்று பொருள் போதும்: ஒரு மல்டிமீட்டர், ஒரு துளையை இரண்டாக்கும் ஒரு 3.5 மில்லிமீட்டர் ஸ்ப்ளிட்டர், ஒரு முனையில் பிளக்கும் மறுமுனையில் உரித்த கம்பியும் உள்ள ஒரு வயர். மீட்டர் வாங்கும்போது கவனம். மலிவான மஞ்சள் மீட்டர்களில் ஏசி (மாறுதிசை மின்சாரம்) வரம்பு 200 வோல்ட்டில்தான் தொடங்கும். உங்களுக்கு 2 வோல்ட் ஏசி வரம்பும் ஒரு மில்லிவோல்ட் துல்லியமும் வேண்டும்.

100 ஹெர்ட்ஸ் சைன் ஒலி (ஒரே சுருதியில் நீளும் சோதனை ஒலி) ஒன்றை முழு அளவில் ஒரு எஃப்எல்ஏசி (தரம் குறையாமல் அமுக்கிய) கோப்பாக மெமரி கார்டில் போட்டுக்கொள்ளுங்கள். பலரும் எடுப்பது 1,000 ஹெர்ட்ஸ். ஆனால் சாதாரண மீட்டர்கள் மின்சார வாரியத்தின் 50 ஹெர்ட்ஸைச் சுற்றித்தான் ஒழுங்காக அளக்கும், மேலே போகப் போகப் பிசகும். முதலில் பாட்டை வழக்கமாகக் கேட்கும் அளவில் வையுங்கள். பிறகு வால்யூமைத் தொடாமல் சைன் ஒலியை ஓட்டி, ஸ்ப்ளிட்டரின் ஒரு துளையில் உங்கள் இயர்போன், மற்றதில் அந்த வயர். இடது சேனலையும் பொதுக் கம்பியையும் அளந்துகொள்ளுங்கள். அளக்கும்போது இயர்போன் மேசையில் கிடக்கட்டும், காதில் வேண்டாம். அந்தச் சத்தம் பொறுக்காது. முதல் பிளேயர் 200 மில்லிவோல்ட் காட்டினால் இரண்டாவதையும் 198-க்கும் 202-க்கும் இடையில் கொண்டுவரப் பாருங்கள். அதுதான் ஏறத்தாழ 0.1 டெசிபெல். பிளேயரின் வால்யூம் படி 0.5 டெசிபெல் என்றால் ஒரே படியில் 200 என்பது 212 ஆகிவிடும். அப்போது கிட்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எது சத்தம் கூடியது என்பதைக் குறித்து வையுங்கள்.

இரண்டிலும் ஈக்வலைசரை அணையுங்கள், கெய்ன் (பெருக்கும் அளவு) ஒரே நிலையில் இருக்கட்டும், பாட்டுக்குப் பாட்டு சத்தத்தைத் தானே சமன் செய்யும் ரீப்ளே கெய்ன் வேண்டாம். நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் பிளேயரை மாற்றித் தரட்டும். 16 முறை கேட்டு 12 முறை சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அப்படி அமைய 4 விழுக்காட்டுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. எட்டு, ஒன்பதுதான் சரி என்றால் விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு மீதியை இயர்போனுக்கு வையுங்கள்.

எதைக் கேட்பது? பாடகரின் குரலை விட்டுவிடுங்கள்; அது எதிலும் நன்றாகத்தான் இருக்கும். கச்சேரிப் பதிவு ஒன்றில் வயலின் ஓய்ந்து தம்புரா மட்டும் நிற்கும் சில நொடிகளைக் கேளுங்கள். பின்னணியில் 'உஸ்' என்ற இரைச்சல் இருந்தால் அங்கேதான் பிடிபடும். மிருதங்கத்தில் இடப்பக்கத் தொப்பியின் கும்கி வளைவதும், வலப்பக்க வலந்தலையின் சாப்பு கணீரென்று நின்று அடங்குவதும் தனித்தனியே கேட்கிறதா என்று பாருங்கள். தொப்பி கொழகொழவென்று ஊதினால் சிப்பைச் சந்தேகிப்பதற்கு முன் அடுத்த பதிலைப் படியுங்கள்.

சிப்பைப் பற்றி ஒரு வரி. 2020 அக்டோபரில் ஜப்பானில், டாக் சிப் செய்யும் ஏகேஎம் நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்தது. அதன் பிறகு பல தயாரிப்பாளர்கள் வேறு நிறுவனத்துச் சிப்புக்கு மாறினார்கள். சுற்றமைப்பும் பெருக்கியும் ஒழுங்காக இருந்தால் சிப்பின் பெயரை வைத்துக் காதால் கண்டுபிடிப்பது கடினம். விற்பவருக்கு அது சொல்ல எளிதான பெயர், அவ்வளவே.

கேள்வி: என் நண்பரின் பிளேயரில் என் இயர்போனை மாட்டினால் பாஸ் ஊதுகிறது, மேல் ஸ்வரங்கள் மங்குகின்றன. என் கைப்பேசியில் அப்படியில்லை. பிளேயர் 1,500 வெள்ளி. என்ன கோளாறு?
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: கோளாறு இல்லை, பொருத்தம் இல்லை. பிளேயரின் வெளியீட்டு மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு; இனி 'மறுப்பு') கூடுதலாக இருக்கலாம். பேலன்ஸ்ட் ஆர்மச்சர் வகை இயர்போன்களின் மறுப்பு ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். உங்களுடையது ஓரிடத்தில் 40 ஓம், வேறிடத்தில் 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பிளேயரின் மறுப்பு 10 ஓம் என்றால், 40 ஓம் இடத்தில் இழப்பு 1.9 டெசிபெல், 8 ஓம் இடத்தில் 7 டெசிபெல். ஆக 5 டெசிபெல் கோணல். யாரோ ஈக்வலைசரைத் திருகிவிட்டது போல் கேட்கும். பிளேயரின் மறுப்பு 1 ஓம் என்றால் அதே கோணல் 0.8 டெசிபெல்தான். இயர்போனின் மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே பிளேயரின் மறுப்பு இருக்கட்டும் என்பது இதனால்தான்.

அளந்து பார்க்கலாம். கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பாசார் பக்கம் உள்ள மின்னணு உதிரிக் கடைகளில் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள். மேலே சொன்ன அதே 100 ஹெர்ட்ஸ் ஒலியை, இயர்போன் இல்லாமல் அளந்தால் 200 மில்லிவோல்ட். ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்தால் 188 என்று வைத்துக்கொள்ளுங்கள். 200-ஐ 188-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33-ஆல் பெருக்குங்கள். 2.1 ஓம். வெற்று அளவும் ரெசிஸ்டர் அளவும் எடுக்கும்போது வால்யூம் ஒரு படிகூட மாறக் கூடாது.

ஒற்றை டைனமிக் டிரைவர் (சுருளும் சவ்வும் கொண்டு ஒலி எழுப்பும் பாகம்) உள்ள இயர்போன்கள் பெரும்பாலும் இந்தச் சிக்கலில் விழுவதில்லை; அவற்றின் மறுப்பு ஏறத்தாழ சமமாக ஓடும்.

கேள்வி: 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்ட் துளை இருந்தால்தான் உண்மையான ஹை-ஃபையா?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இல்லை. பேலன்ஸ்ட் என்றால் இடதுக்கும் வலதுக்கும் பொதுக் கம்பி இல்லாமல் தனித்தனிப் பெருக்கிச் சோடி. அதில் கிடைப்பது முக்கியமாகச் சத்தம். மின்னழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், அதாவது 6 டெசிபெல். 3.5-ஐயும் 4.4-ஐயும் ஒரே வால்யூம் எண்ணில் வைத்துக் கேட்டவர்கள்தான் 'மேடை விரிந்தது' என்று எழுதுகிறார்கள். கூடவே வெளியீட்டு மறுப்பும் இரட்டிப்பாகும் என்பதை எழுத மாட்டார்கள்.

தேவைப்படுபவர்கள் உண்டு. 300 ஓம், ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபெல் என்று குறிப்புள்ள ஒரு பெரிய ஹெட்ஃபோனில் 110 டெசிபெல் உச்சம் வேண்டுமானால் ஏறத்தாழ 4.5 வோல்ட் தேவை. 2 வோல்ட் தரும் 3.5 துளை 103-இல் நின்றுவிடும். ஆனால் 32 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 105 டெசிபெல் உள்ள இயர்போனுக்கு 0.18 வோல்ட்டே 105 டெசிபெல் தந்துவிடும். அதற்கு பேலன்ஸ்ட் தேடுவது கொசுவுக்குப் பீரங்கி. இரைச்சல்தான் கூடும்.

ஓர் எச்சரிக்கை மட்டும் மறக்க வேண்டாம். பிளேயரின் 4.4 துளையில் அடாப்டர் போட்டு 3.5 பிளக் இயர்போனைச் செருகாதீர்கள். 3.5 பிளக்கில் இடது வலது இரண்டின் எதிர்முனையும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். பேலன்ஸ்ட் பெருக்கியின் இரு வெளியீடுகளும் அங்கே முட்டிக்கொண்டு பெருக்கி கெடலாம். 4.4 பிளக் இயர்போனை அடாப்டரோடு 3.5 துளையில் செருகுவதில் ஆபத்தில்லை.

கேள்வி: பாட்டுப் பெயர்கள் திரையில் உடைந்து தெரிகின்றன. சில பாடல்களுக்கு வெறும் கட்டங்கள், சிலவற்றுக்குப் புரியாத எழுத்துகள். தமிழ் வராதா?
— வாசகர், கிள்ளான்

பதில்: மூன்று வேறு நோய்களை ஒன்றாகப் பார்க்கிறீர்கள்.

கட்டங்கள் வந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துருவே இல்லை. எழுத்து வந்தும் இடம் மாறி நின்றால், எழுத்துரு இருக்கிறது, எழுத்துகளைக் கோத்துக் காட்டும் நிரல் இல்லை. 'தேன்' என்று எழுதியிருப்பீர்கள். இரட்டைக் கொம்பு 'த'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயர்களில் இந்தத் தொல்லை இல்லை. சொந்த நிரலில் ஓடும் சிறிய, மலிவான பிளேயர்களில்தான் வரும். நாமாகச் சரிசெய்ய முடியாது. தயாரிப்பாளர் புதிய ஃபர்ம்வேர் (கருவியின் உள் நிரல்) விட்டால் உண்டு.

'ñ', 'ð' போன்ற எழுத்துகள் வந்தால் குற்றம் கோப்பில். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டாப் காலத்து எழுத்துருவில் யாரோ தட்டிய பெயர்கள் அவை. கணினியில் எம்பி3டேக் மென்பொருளைத் திறந்து யூனிகோடில் திரும்பத் தட்டுங்கள். எம்பி3 கோப்புகளை ஐடி3 2.3, யுடிஎஃப்-16 என்ற அமைப்பில் சேமித்தால் பழைய பிளேயர்களும் படிக்கும். கடைக்குப் போகும்போது தமிழ்ப் பெயர் போட்ட பத்துப் பாடல்களையும், இடைவெளி இல்லாமல் தொடரும் ஒரு ராகம் தானம் பல்லவிப் பதிவையும் சொந்தக் கார்டில் கொண்டுபோங்கள். ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் தம்புரா ஒரு கணம் அறுந்தால் அந்தப் பிளேயருக்கு இடைவெளியற்ற இசைப்பு தெரியாது. அதை எஃப்எல்ஏசி கோப்பில் சோதியுங்கள். எம்பி3 கோப்புகள் தம் முனைகளில் தாமே கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

கேள்வி: 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் என்று பழைய தமிழ்ப் பாடல்கள் கிடைக்கின்றன. கோப்பு பெரிது, வித்தியாசம் தெரியவில்லை. என் காதில் குறையா?
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: காதைக் குறை சொல்வதற்கு முன் கோப்பைப் பாருங்கள். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டால் ஒலியின் படம் வரும். 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல் கறுப்பாக இருந்தால், அது சிடியை ஊதிப் பெருக்கியது. 16 கிலோஹெர்ட்ஸிலேயே வெட்டு விழுந்தால் 128 கேபிபிஎஸ் எம்பி3 வேட்டி மாற்றிக்கொண்டு வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மணி நேர 24/96 பதிவு அமுக்காமல் 2 ஜிபிக்கு மேல் போகும்; சிடி தரத்தில் 635 எம்பி. மோனோவில், நாடாவில் பதிவான அறுபதுகளின் பாடலுக்குச் சிடி தரமே தாராளம். நல்ல மூல நாடாவிலிருந்து கவனமாக எடுத்த ஒரு 16 பிட் கோப்பு, தேய்ந்த இசைத்தட்டிலிருந்து எடுத்த 24 பிட் கோப்பைவிட எப்போதும் மேல்.

கேள்வி: 1 டிபி கார்டு மலிவாக வாங்கினேன். முதல் நூறு பாடல்கள் ஓடுகின்றன, பிறகு போட்டவை ஓடவில்லை. பிளேயர் கெட்டதா?
— வாசகர், பிறை

பதில்: கார்டு போலியாக இருக்கும். உண்மையில் 32 ஜிபியோ 64 ஜிபியோ உள்ள கார்டு 1 டிபி என்று பொய் சொல்லும். நிறைந்த பிறகு எழுதுவது எங்கும் போய்ச் சேராது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற நிரல் கார்டை முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லும். பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிடுங்கள். ரசீதை வைத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது: மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ஆனால் தனியாளிடம் வாங்கிய பழைய பொருளுக்கு அங்கே போக முடியாது.

கேள்வி: பழைய பிளேயர் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எம்கியூஏ முழுதாக விரிக்கும் என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகர், ஜெலுத்தோங்

பதில்: எம்கியூஏ என்பது ஒலியை மடித்துச் சுருக்கும் ஒரு கோப்பு முறை. அதற்கு ஒரு காசும் கூட்டிக் கொடுக்காதீர்கள். அதை உருவாக்கிய நிறுவனம் 2023-இல் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதைப் பயன்படுத்திய டைடல் இசைச் சேவை 2024-இல் எஃப்எல்ஏசிக்கு மாறிவிட்டது.

முதலில் பின் மூடியைப் பாருங்கள். பிளேயரைக் கண்ணாடி மேசையில் மல்லாக்க வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்துங்கள். ஆடினாலோ, திரையின் ஓரத்தில் நகம் போகும் இடைவெளி இருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கிடந்த கருவிகளில் இது அடிக்கடி வரும். பிறகு பிளக்கைச் செருகி, பாட்டு ஓடும்போது மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு பக்கம் விட்டு விட்டு வந்தால் துளை தேய்ந்துவிட்டது. நம் ஊர்ப் புழுக்கத்தில் துளைக்குள் பச்சை படிவதும் உண்டு. டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு பிளேயரானால், நீங்கள் பயன்படுத்தும் இசைச் செயலி அதில் இன்னும் நிறுவ முடிகிறதா என்று விற்பவர் முன்னாலேயே நிறுவிப் பாருங்கள். கடைசியாகப் பேட்டரி: பெட்டியில் போட்ட மணிக்கணக்கு குறைந்த சத்தத்தில், 3.5 துளையில் எடுத்தது. முழுச் சார்ஜில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். 15 விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால் பேட்டரி மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.