கண்மாயில் கட்லா மட்டும் பெருக்கிறது, மற்றவை ஏன் சிறுத்தன?

கேள்வி: சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயை நாலு பேர் சேர்ந்து மீன்பாசி குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். ஐப்பசி மழையில் தண்ணீர் வந்ததும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றிலும் சம எண்ணிக்கையில் ஓர் அங்குலக் குஞ்சு விட்டோம். சித்திரையில் வலை இழுத்தால் கட்லா முக்கால் கிலோ, ரோகு 300 கிராம், மிர்கால் அதற்கும் கீழே. நாங்கள் விடாத ஜிலேபி மீன் (திலேப்பியா) கூடை கூடையாக வருகிறது. குஞ்சு மோசமா? அடுத்த முறை கட்லா மட்டும் விடலாமா?

பதில்: குஞ்சு மோசம் என்று தோன்றவில்லை. ஆறு மாதத்தில் கட்லா முக்கால் கிலோ வந்ததே கண்மாயில் மீனுக்கு இரையாகும் நுண்ணுயிர் நிறைந்த நல்ல பச்சைத் தண்ணீர் கட்டியிருக்கிறது என்பதற்குச் சாட்சி. கட்லா மட்டும் விடும் யோசனையை விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மூன்று மீனின் வாயையும் பாருங்கள். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும். மேல்மட்டத் தண்ணீரில் மிதக்கும் நுண்பூச்சிகளைச் செவுள் முட்களால் வடித்துத் தின்னும். ரோகுவின் உதடு தடித்து, ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். அது நடுமட்டத்தில் திரிந்து, செடித் தண்டிலும் கல்லிலும் படிந்த பாசியையும் அழுகும் இலைதழையையும் சுரண்டும். மிர்கால் தரைமீன். அடியில் படியும் மக்குதான் அதற்குச் சாப்பாடு. நன்றாகப் பராமரித்துத் தீவனம் போடும் குளத்திலேயே ஓராண்டில் கட்லா ஒரு கிலோவைத் தாண்டும்போது ரோகு முக்கால் கிலோ அளவில்தான் நிற்கும், மிர்கால் இன்னும் கொஞ்சம் பின்தங்கும். ஆகவே ஓரளவு வித்தியாசம் இயற்கை. உங்கள் கண்மாயில் இருப்பது அதைவிடப் பெரிய வித்தியாசம். அதற்குக் காரணம் தேடத்தான் வேண்டும்.

முதல் காரணம் குஞ்சின் அளவு. நான் சொன்ன இந்தப் பங்கீடெல்லாம் வளர்ந்த மீனுக்குத்தான். குஞ்சுப் பருவத்தில் மூன்றுமே நுண்பூச்சியைத்தான் தேடும். ஓர் அங்குலக் குஞ்சாக விட்டதால், தொடக்கத்தில் எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டன. அடுத்த முறை 10 சென்டிமீட்டர் வளர்ந்த விரலியாக, அதாவது விரல் நீளக் குஞ்சாக, வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அந்த அளவில் உணவு பிரியத் தொடங்கியிருக்கும். விராலும் கெளுத்தியும் எளிதில் விழுங்கவும் முடியாது.

இரண்டாவது காரணம் அந்த ஜிலேபி. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன், இன்று நம் பக்கத்தில் அது இல்லாத நீர்நிலையைத் தேட வேண்டியிருக்கிறது. அமராவதி அணையில் பிடிபடும் மீனில் பெரும்பங்கு ஜிலேபியாகவே இருந்த காலம் உண்டு. பாசி, மக்கு, பூச்சி எது கிடைத்தாலும் தின்னும். அதாவது ரோகு, மிர்கால் இரண்டின் இலையிலும் கை வைக்கும். தாய்மீன் முட்டையை வாயிலேயே அடைகாப்பதால் குஞ்சு பிழைப்பது அதிகம். பிறந்த சில மாதங்களிலேயே அடுத்த தலைமுறை தயாராகிவிடும். கட்லா வகையறாவோ ஓடும் வெள்ளத்தில் முட்டையிடும் ஆற்று மீன்கள், தேங்கிய கண்மாயில் பெருகாது. நீங்கள் விட்ட எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும், ஜிலேபி கூடிக்கொண்டே போகும்.

சந்தேகமிருந்தால் அடுத்த இழுப்பில், வலையிலிருந்து எடுத்த உடனே, ஒரு மிர்காலையும் ஒரு ஜிலேபியையும் கீறிக் குடலைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரிச் சேறும் பாசியும் இருந்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

கட்லாவை மட்டும் விட்டால், இருக்கிற நுண்பூச்சிக்கு அவையே ஒன்றோடொன்று போட்டி போட்டுச் சிறுக்கும். அடிமட்டச் சாப்பாடு முழுக்க ஜிலேபிக்குப் போகும். விலை அதிகம் என்று ஒரே மீனாக விடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

என் கணக்கு இது: நூறு விரலியில் கட்லா 40, ரோகு 30, மிர்கால் 20. தண்ணீருக்குள் வளரும் வேலம்பாசிச் செடி மண்டிக் கிடந்தால் மீதி 10 புல் கெண்டை. இல்லாவிட்டால் அந்தப் பத்தை ரோகுவுக்குக் கொடுங்கள். ஆகாயத்தாமரைக்காகப் புல் கெண்டை விடாதீர்கள், அது அதைச் சீந்தாது. சாதாக் கெண்டை மிர்காலின் இடத்துக்கே போட்டியாக வரும், கரையையும் தோண்டும். எனக்கு அது பிடிக்காது. வெள்ளிக் கெண்டை வேகமாக வளரும், ஆனால் கட்லாவை அமுக்கும். இமாச்சலத்தின் கோவிந்த் சாகர் நீர்த்தேக்கத்தில் 1971 வெள்ளத்தில் பண்ணையிலிருந்து தப்பிப் புகுந்து, சில ஆண்டுகளில் அங்கிருந்த கட்லாவை ஓரங்கட்டியது. சீக்கிரம் கெட்டும் போகும், நம் சந்தைக்குச் சரிவராது.

பெரிய கண்மாயில் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கொட்டலாமா என்றால், இப்போதைய நிலையில் அது ஜிலேபிக்குப் போடும் விருந்து. முதலில் அதைக் குறையுங்கள்.

கோடையில் கண்மாய் வற்றும்போது மடைப் பக்கப் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்குமே, மறுமழைக்கு ஜிலேபி கிளம்புவது பெரும்பாலும் அங்கிருந்துதான். அந்தப் பள்ளத்தை இறைத்துவிடுங்கள். இறைக்க முடியாவிட்டால் 1000 லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் கணக்கில் இலுப்பைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றலாம். ஊராரிடம் சொல்லிவிட்டு, ஆடுமாடு வாய் வைக்காமல் காவல் போட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. விரால் இருந்தால் அதற்கு முன்பே பிடித்துத் தொட்டியில் விட்டு வையுங்கள். நஞ்சு தெளிய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதன்பின் பிண்ணாக்கு எருவாகிவிடும். அதற்குப் பிறகுதான் விரலி.

எடுத்துவைத்த விராலை உடனே திருப்பி விடாதீர்கள். விரலிகள் உள்ளங்கையைத் தாண்டிப் பெருத்த பிறகு சிலவற்றை விட்டால், வாய்க்குள் நுழையும் ஜிலேபிக் குஞ்சைத் தின்று குறைக்கும். அதற்கே நல்ல விலையும் உண்டு. ஆனால் ஆப்பிரிக்கக் கெளுத்தியை யார் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். தடை செய்யப்பட்ட மீன், கிடைத்ததையெல்லாம் தின்னும்.

இன்னொன்று: இழுவலையில் வந்ததை வைத்து மிர்கால் இவ்வளவுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். வலை வரும்போது அது சேற்றோடு ஒட்டிப் படுத்து, அடிக்கயிற்றுக்குக் கீழே நழுவிவிடும். தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கும்வரை பொறுத்து, அடிக்கயிற்றில் ஈயக் குண்டு கூடுதலாகக் கட்டி இன்னொரு முறை இழுத்துப் பாருங்கள்.