பொனற்றுக்குள் கடகட: பரந்தன் கராஜிலிருந்து சில பதில்கள்

பரந்தன் சந்திக்குக் கிட்ட ஏ9 வீதியோரம் கராஜ் வைத்திருக்கிறேன். எஞ்சின் பக்கம் வரும் சத்தங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை கேள்விகள் வந்து விட்டன. 2020 இல் வாகன இறக்குமதி நின்றது. திரும்பத் திறக்க 2025 ஆகி விட்டது. இடையில் எல்லோரும் இருந்த பழைய வாகனத்தையே ஓட்டினோம். சத்தம் வராமல் என்ன செய்யும்?

கேட்கும்போது ஒரு விஷயம் மட்டும் மறக்காமல் எழுதுங்கள்: சத்தம் எப்போது வருகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினிலா, சூடேறிய பிறகா? நிற்கும்போதா, ஓடும்போதா? "எங்கேயோ முன்பக்கம்" என்று எழுதினால் நான் சாத்திரம்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி (கிளிநொச்சி): அண்ணை, லண்டன் மாமா கொழும்பில் வாங்கி என்னிடம் விட்டுப் போன மஸ்டா ஆர்எக்ஸ்-8 கார். வருடத்தில் பாதி நாள் கொட்டிலில்தான் நிற்கும். இப்போது 2500, 3000 ஆர்பிஎம் வரும்போது தகர டின்னுக்குள் ஆணி போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். அதைத் தாண்டினால் குறைகிறது. ஒரு கராஜில் காட்டினேன். டைமிங் செயின் தளர்ந்து விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு மாமா வருகிறார்.

பதில்: தம்பி, டைமிங் செயின் என்பது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் செயின். அந்தக் காரில் அது கிடையவே கிடையாது. பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. அது ரோட்டரி எஞ்சின். முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர்கள் உள்ளே சுற்றுகின்றன. ஒயில் பம்பைச் சுற்ற முன்பக்கம் ஒரு சின்னச் செயின் உண்டு, அது வேறு கதை. ஆகவே அப்படிச் சொன்னவர் ஆர்எக்ஸ்-8 பொனற்றை வாழ்க்கையில் முதல் தடவை திறந்திருக்கிறார். எஞ்சினை இறக்க விடாதே.

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வந்து, அதைத் தாண்டியதும் மறைகிற தகரச் சத்தம் பெரும்பாலும் தகரத்திலிருந்துதான் வரும். எக்ஸோஸ்ட் குழாயைச் சுற்றி மெல்லிய தகட்டில் ஒரு சூட்டுக் கவசம் இருக்கும். போல்ட் போகும் துளையைச் சுற்றித் துரு பிடித்து, துளை பெருத்து, தகடு ஆடத் தொடங்கும். எஞ்சின் அதிர்வும் தகட்டின் அதிர்வும் ஒன்றாகச் சேர்கிற வேகத்தில் கடகடக்கும். நிறைய நாள் நின்ற வாகனத்துக்கு இது சகஜம்.

கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, இரவு முழுக்க நிறுத்தி வைத்துக் காலையில் என்றால் நல்லது, தகடுகளைக் கையால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார். ஆடுகிற தகடு தானே காட்டிக் கொடுக்கும். துளை பெருத்திருந்தால் அகலமான வாஷர் போட்டு இறுக்கு. தகடு கிழிந்திருந்தால் துருப்பிடிக்காத ஹோஸ் கிளிப் பெரிதாக ஒன்று வாங்கி, தகட்டோடு சேர்த்துக் குழாயைச் சுற்றி இறுக்கு. ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும். கட்டுக்கம்பியால் சுற்றி விடுகிறவர்களும் உண்டு. நானும் செய்திருக்கிறேன், இரண்டு மாதம் தாங்கும்.

தகடெல்லாம் உறுதியாக இருந்தால் அடுத்தது கட்டலிற்றிக் கொன்வேட்டர், எக்ஸோஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி. அதன் உள்ளே தேன்கூடு போல ஒரு பீங்கான் கட்டை. குளிர்ந்திருக்கும்போது ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டு. உள்ளே ஓடு உருள்வது போலக் கேட்டால் அது உடைந்து விட்டது. ஆர்எக்ஸ்-8 இல் இது அடிக்கடி நடக்கும். காரணம் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் கொயில். நான்கு கொயில், ஒன்று பலவீனப்பட்டாலும் எரியாத பெற்றோல் எக்ஸோஸ்டுக்குள் போய் அங்கே எரிந்து பீங்கானை உருக்கி உடைக்கும். கொயிலைப் பார்க்காமல் கொன்வேட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். வேகம் ஏற ஏறக் கார் இழுக்கவில்லை என்றால் அடைத்தே விட்டது என்று வைத்துக்கொள். அப்படி ஓட்டினால் எஞ்சின் வெந்து போகும்.

போகிற போக்கில் இன்னொன்று. அந்த எஞ்சின் வேண்டுமென்றே கொஞ்சம் ஒயிலை எரிக்கும். ரோட்டர் முனையில் உள்ள சீல்களுக்கு அதுதான் மசகு. ஒவ்வொரு இரண்டாம் முறை பெற்றோல் அடிக்கும்போதும் ஒயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்.

கேள்வி (வவுனியா): டொயோட்டா விட்ஸ். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இரண்டு மூன்று வினாடி கரகர என்று கத்துகிறது. பிறகு நாள் முழுக்கச் சத்தமே இல்லை.

பதில்: உங்களுடையதில் டைமிங் செயின் இருக்கிறது, அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஒயில் அழுத்தத்தில் வேலை செய்வது. இரவில் ஒயில் கீழே வடிந்து விடும். காலையில் அழுத்தம் ஏறும் வரை செயின் தளர்ந்து அடிக்கும்.

ஆனால் செயின் செட் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஒயில் மட்டம். பிறகு ஒயில் எந்தத் தடிப்பு என்று பாருங்கள். பழைய எஞ்சின் என்று யாரோ சொல்லித் தடித்த ஒயில் ஊற்றியிருந்தால், காலையில் மேலே ஏற அதற்கு நேரம் பிடிக்கும். மூன்றாவது பில்டர். நல்ல பில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு, எஞ்சின் நின்ற பிறகு ஒயில் வடியாமல் பிடித்து வைக்கும். மலிவான பில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் மட்டையாகி விடும். கம்பனி பில்டரும் சரியான ஒயிலும் மாற்றி ஒரு கிழமை கேளுங்கள். என்னிடம் இதே சத்தத்தோடு வந்தவற்றில் பாதிக்கு மேல் அதோடு அடங்கின. அடங்காவிட்டால், அல்லது மூன்று வினாடி பத்து வினாடியாக நீண்டால், டென்ஷனரைத் திறந்து பார்க்க வேண்டும். தள்ளிப் போடக் கூடாது. செயின் ஒரு பல் நழுவினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக் கொள்ளலாம்.

கேள்வி (முல்லைத்தீவு, ஓர் ஆசிரியை): அண்ணா, என் ஆல்டோவில் ஏசி போட்டால் மட்டும் சத்தம். கராஜுக்குத் தனியாகப் போனால் எதையாவது சொல்லி ஏமாற்றி விடுவார்களோ என்று பயம்.

பதில்: ஏசியை நிறுத்தினால் நிற்கிறது என்பதால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்து விட்டது. கொம்பிரசரைப் பிடிக்கும் போல்ட், அதன் கிளட்ச், பெயாரிங், பெல்ற். இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள், போல்ட் தளர்வது உங்கள் பக்கத்துக் கிறவல் வீதிகளில் சாதாரணம். ஏசி போட்டும் நிறுத்தியும் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு போங்கள், தங்கச்சி. கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தாருங்கள் என்று வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லி விடுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற கராஜில் விட வேண்டாம்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): பள்ளத்தில் விழுந்தால் மட்டும் பொனற்றுக்குள் டொக் என்கிறது. நின்றபடி ரேஸ் கொடுத்தால் ஒன்றும் இல்லை.

பதில்: அப்படியானால் எஞ்சினை விட்டு விடுங்கள். பற்றரியை ஆட்டிப் பாருங்கள், பிடிப்புத் தளர்ந்திருக்கும். அது இல்லையென்றால் ஷொக் அப்சோபரின் மேல் மவுண்ட்.

கேள்வி (மல்லாவி): ஆட்களை ஏற்றிக்கொண்டு குளக்கட்டில் ஏறும்போது சில்லறை கொட்டுவது போலக் கிணிகிணி. அக்சிலேற்றரை விட்டால் நிற்கிறது. இதுவும் தகரமா?

பதில்: இல்லை, இது எரிபொருள் தன் பாட்டில் வெடிக்கிற சத்தம். பொறி பட்டு ஒழுங்காக எரிய வேண்டியது, அழுத்தத்திலும் சூட்டிலும் வேறொரு மூலையில் தானே பற்றிக் கொள்கிறது. 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே வாழ்ந்தவர்களுக்கு இது பழகிய சத்தம். பெற்றோல் இல்லை. ஒரு சின்னச் சூப்பிப் போத்தலில் துளி பெற்றோல் வைத்துக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன், அதாவது தானே பற்றிக் கொள்ளாமல் தாங்கும் தன்மை, மிகக் குறைவு, கிணிகிணிக்காமல் என்ன செய்யும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு வைக்கக் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள்.

உங்கள் வண்டிக்கு: கலனில் மாதக்கணக்காகச் சேமித்த பெற்றோல் என்றால் அதை ஊற்றாதீர்கள். 92 ஒக்டேன் பெற்றோல் அடிக்கிறவர் என்றால் ஒரு டாங்க் 95 அடித்துப் பாருங்கள். அதில் நின்றால் காரணம் தெரிந்து விட்டது. நிற்காவிட்டால் பிளக், டைமிங், எஞ்சின் சூடு, உள்ளே படிந்த கரி என்று தேட வேண்டும்.

கேள்வி (நெடுங்கேணி): ஓமந்தையில் ஒயில் லைட் எரிந்தது. வவுனியா கிட்டத்தானே என்று ஓட்டி விட்டேன். இப்போது அடியிலிருந்து கனமாக டக் டக். ரேஸ் கொடுத்தால் கூடுகிறது.

பதில்: இனி ஸ்டார்ட் பண்ண வேண்டாம், ஒரு தடவை கூட. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கொன்றொட்டின் பெயாரிங் போயிருக்கலாம். கட்டி இழுத்துக்கொண்டு வாருங்கள். கிராங்க் கீறுப்படாமல் இருந்தால் பெயாரிங்கோடு தப்பலாம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): காற்றுப் பான் போட்டால் டாஷ்போட்டுக்குப் பின்னால் படபட. எஞ்சின் நிறுத்தினாலும் பான் சுற்றும்போது கேட்கிறது.

பதில்: எலி. போன மாதம் ஒரு வாகனத்தின் புளோவரைக் கழற்றினேன், உள்ளே இரண்டு கை புளியங்கொட்டை. வீட்டுக்காரர் புளியமரத்துக்குக் கீழேதான் நிறுத்துவாராம். கழற்றித் துப்புரவு செய்யுங்கள். அப்படியே பொனற்றைத் திறந்து வயர் ஏதாவது கடிபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பலரும் கேட்ட ஒன்று, சத்தத்தின் இடத்தை எப்படிப் பிடிப்பது. நீளமான ஸ்குறூ டிரைவரின் நுனியை எஞ்சின் உடம்பில் ஒவ்வோர் இடமாக வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். வைத்தியரின் குழாய் போலத்தான். சுற்றுகிற பெல்ற்றுக்கும் பானுக்கும் கிட்டக் கொண்டு போகாதீர்கள், சாரம் கட்டிக்கொண்டு செய்யவே செய்யாதீர்கள்.

கேள்வி (மறுபடியும் கிளிநொச்சி): அண்ணை, தகடுதான்! இரண்டு துளையும் பெருத்துப் போயிருந்தது. தகட்டைக் கழற்றி விட்டு ஓட்டினேன், சத்தமே இல்லை. இப்படியே விட்டு விடட்டுமா?

பதில்: வேண்டாம். அது இல்லாவிட்டால் பக்கத்தில் போகும் வயரும் ரப்பர் ஹோஸும் வெந்து போகும். உன் கொட்டில் வாசலில் காய்ந்த புல்லும் இருக்கும், சூட்டுக் குழாய் அதில் உரசினால் பற்றிக் கொள்ளும். நாளைக்கே வாஷரைப் போட்டு மாட்டு. மாமாவிடம் அந்தப் பழைய போல்ட்டுகளைக் காட்டு, எஞ்சின் இறக்காமல் மிச்சம் பிடித்த காசில் ஒரு பங்கு கேட்கலாம்.