உடல் பருமன் பற்றிய செய்திகளில் ஊட்டச்சத்து நிபுணருக்கு என்ன வேலை?

உடல் பருமன் பற்றிய செய்திகளில் ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நாளிதழ் ஒன்றின் நலவாழ்வுப் பக்கத்தில் ஒன்பது ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். நிபுணர் என்ன சொன்னார் என்பதைவிட, செய்தி உருவாகும்போது அவரை எந்தக் கட்டத்தில் அழைத்தார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் எல்லாம் எழுதி முடித்த பிறகு, கடைசிப் பத்தியில் சேர்க்க இரண்டு வரி அறிவுரை வேண்டும் என்பதற்காகவே அவரை அழைக்கிறார்கள்.

ஆய்வு ஒன்று செய்தியாகும்போது நிபுணர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2015ஆம் ஆண்டின் சாக்லேட் விவகாரத்தைச் சொல்லலாம். குறைந்த மாவுச்சத்து உணவோடு கசப்புச் சாக்லேட்டும் சாப்பிட்டால் எடை விரைவாகக் குறையும் என்று ஜெர்மனியின் பில்ட் நாளிதழ் வெளியிட, மற்ற நாடுகளின் ஏடுகளும் இணையதளங்களும் அதை எடுத்துப் போட்டன. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் வெறும் 15 பேர். அது நடந்தது மூன்றே வாரம். எடை, கொழுப்பு, தூக்கம் என 18 விஷயங்களை அளந்திருந்தார்கள். இவ்வளவு சிறிய கூட்டத்தில் இத்தனையை அளந்தால், ஏதேனும் ஒன்று தற்செயலாகவே நல்ல முடிவு காட்டுவதற்கு ஏறத்தாழ 60 சதவீத வாய்ப்பு உண்டு. ஊடகங்களைச் சோதிப்பதற்காகவே அதை நடத்தியதாக அறிவியல் பத்திரிகையாளர் ஜான் பொஹானன் அந்த ஆண்டு மே மாதம் அறிவித்தார். ஆய்வுக்குத் தொடர்பில்லாத நிபுணர் ஒருவரிடம்கூட எந்தச் செய்தியாளரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை என்றும் அவர் எழுதினார். எத்தனை பேரை வைத்துச் செய்தீர்கள் என்று எந்த உணவியல் வல்லுநரும் முதலில் கேட்டிருப்பார். அதற்கான பதிலோடு அந்தச் செய்தி அங்கேயே நின்றிருக்கும்.

நிபுணரை அழைத்துவிட்டால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. அதே ஆண்டு ஆகஸ்டில், உலக ஆற்றல் சமநிலை வலையமைப்பு என்ற அறிவியலாளர் அமைப்புக்குக் கோகோ கோலா நிறுவனம் 15 லட்சம் டாலர் கொடுத்திருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. உடற்பயிற்சி அறிவியலில் பெயர் பெற்ற அதன் துணைத் தலைவர், ஊடகங்கள் துரித உணவையும் சர்க்கரைப் பானங்களையுமே குறை சொல்கின்றன என்று காணொளி ஒன்றில் பேசியிருந்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியாத வாசகருக்கு அது நடுநிலையான அறிவியலாகத்தானே தோன்றும்? அந்த ஆண்டு முடிவதற்குள் அமைப்பு கலைக்கப்பட்டது. அந்த அமைப்புக்காகக் கோகோ கோலாவிடம் பெற்ற 10 லட்சம் டாலரை அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் திருப்பிக் கொடுத்தது. பேசுபவருக்கு யார் நிதி தருகிறார்கள் என்பதை ஒரே வரியில் குறிப்பிடுவது செய்தியாளரின் கடமை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதமாக இருந்து, 2019-21இல் 40.4 சதவீதமானதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தெரிவித்தது. அன்று இரவு எட்டு மணிக்கு, அரசு மருத்துவமனை உணவியல் நிபுணர் ஒருவரை அழைத்து இரண்டு வரி கேட்டேன். அவர் பத்து நிமிடம் பேசினார். உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு 25ஐ எட்டினால்தான் கணக்கெடுப்பு அதிக எடையாக எண்ணுகிறது, நம் மருத்துவர்கள் 23இலிருந்தே அதிக எடையாகக் கருதுகிறார்கள், எனவே உண்மை நிலை இதைவிடக் கூடுதல் என்றார். ஜவுளிக் கடையில் பகல் முழுவதும் நின்றுவிட்டு இரவு பத்தரை மணிக்கு வீடு திரும்பி, மிச்சமிருக்கும் சோற்றைச் சாப்பிட்டு உடனே படுக்கும் பெண்களைப் பற்றிச் சொன்னார். இடமில்லை என்று அதையெல்லாம் நீக்கிவிட்டு, ‘நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ண வேண்டும்’ என்பதை மட்டும் அவர் பெயரில் அச்சிட்டேன்.

மறுநாள் காலை அவரே அழைத்தார். “தம்பி, அந்தப் பெண்கள் இதைப் படித்தால் எல்லாம் தங்கள் தப்பு என்றுதானே நினைப்பார்கள்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதன்பின், எடை பற்றிய எந்தத் தகவல் வந்தாலும் எழுதத் தொடங்கும் முன்பே, மாலை நான்கு மணிக்கே அவரை அழைத்து, இதைச் செய்தியாக்கலாமா என்பதையே முதலில் கேட்டு வந்தேன்.