சபையில் ஒற்றுமைக்குத் தாழ்மை எதற்கு? எல்லாரும் ஒரே கருத்துக்கு வந்தால் போதாதா?

கருத்து வேறுபாடு தீராத இடத்திலும் ஒற்றுமை நிற்க வேண்டுமே! அதற்குத்தான் தாழ்மை.

பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இருவருக்குள் பிணக்கு. இருவருமே சுவிசேஷத்துக்காகப் பவுலோடு பாடுபட்டவர்கள். காவலில் இருந்தபடி எழுதிய பவுல், நியாயம் யார் பக்கம் என்று சொல்லவே இல்லை; இருவருக்கும் தனித்தனியே புத்தி சொல்கிறார் (பிலிப்பியர் 4:2). அதற்கு முன்பே 2-ஆம் அதிகாரத்தில், தம்மைத்தாமே வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்த கிறிஸ்துவைக் காட்டிவிட்டார்.

நம் ஊரில் இதற்குப் பெரிய சான்று, பல புராட்டஸ்டன்ட் சபைகள் ஒன்றாக இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபை (CSI). 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் இணைப்பாக நிறைவேறியது. 28 ஆண்டுகள்! பெரிய சிக்கல் பேராயர் (பிஷப்) பதவி. அந்தப் பதவியே இல்லாத மரபினர் அதை ஏற்றுக்கொண்டார்கள். பேராயர் பதவி உள்ள ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) தரப்பும், பேராயர் கையால் குருப்பட்டம் பெறாத மற்ற சபைப் போதகர்களை, மறுபடி பட்டம் பெறச் சொல்லாமல் சேர்த்துக்கொண்டது. இரு தரப்பும் விட்டுக்கொடுத்தது சின்ன விஷயத்தை அல்ல. அதனால்தான் இதை உண்மையான தாழ்மை என்கிறேன்.

ஒன்று மட்டும்: தாழ்மை என்றால் தவறைக் கண்டும் வாய்மூடி இருப்பது அல்ல. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) சாப்பிடுவதை விட்டு விலகியபோது, பவுல் முகமுகமாகவே எதிர்த்தார் (கலாத்தியர் 2:11).